ரத்தின சபைக்கு அருகே ஒரு புத்தகக்கடை

திருவாலங்காட்டுக்காரர் ஒருவர் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து வாங்க விரும்பினால், மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போவதே வழக்கம். அந்த ரயில் போய்ச் சேரும் நிலையத்தின் பெயர் மூர்மார்க்கெட் வளாகம். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர்மார்க்கெட் சந்தை 1985-இல் தீயில் அழிந்தது. அது அவ்வளவு காலம் செழித்ததற்குப் பக்கத்திலிருந்த சென்ட்ரல் நிலையத்தின் ஜனநடமாட்டம் முக்கியக் காரணம். 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தக நிறுவனமும் ரயிலுக்குக் காத்திருப்பவர்களை நம்பித்தான் நடைமேடைகளில் கடை விரித்தது. கூட்டம் கூடும் இடத்தில் கடை போட்டவர்களே வாசகர்களை உண்டாக்கினார்கள். திருவாலங்காட்டில் கூட்டம் கூடுவது, நடராஜரின் ரத்தின சபையான வடாரண்யேசுவரர் கோயிலில். ஊரின் ரயில் நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும், ஆருத்ரா தரிசனத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வருகிறது. ஆகவே புத்தகக்கடையும் அங்கேதான் வேண்டும்.

விற்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காரைக்கால் அம்மையார் இந்த ஊரைப் பாடிய இரண்டு மூத்த திருப்பதிகங்கள் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. சோழர் வரலாற்றின் அடிப்படைச் சான்றுகளில் ஒன்றான திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-இல் கிடைத்தவை. இராஜேந்திர சோழன் பக்கத்துப் பழையனூரை இக்கோயிலுக்குக் கொடுத்த செய்தியை 31 ஏடுகளில் சொல்பவை. இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஏடுகள் அங்கேயே பத்திரமாக இருக்கட்டும். ஆனால் அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எளிய உரையோடு, குறைந்த விலையில் வாங்க, கொடை பெற்ற ஊரிலேயே ஓர் இடம் இருக்க வேண்டாமா? திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் நூல்களும், பிள்ளைகளுக்கான கதைப்புத்தகங்களும் பக்கத்து அடுக்கில் இருக்கலாம். கோயில் வாசல் கடை என்பதால் பக்தி நூல் மட்டுமே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எல்லாம் கைப்பேசியில் கிடைக்கிறதே என்பது வலுவான மறுப்புதான். மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஏராளமான நூல்களை இலவசமாகத் தருகின்றன, அது பெருங்கொடை. ஆனால் பெயர் தெரிந்த நூலைத்தான் அங்கே தேட முடியும். இப்படியொரு நூல் இருப்பதையே அறியாத பத்தாம் வகுப்பு மாணவிக்கு அதைக் கண்ணில் காட்டுவது கடைதான். நூலகம் போதாதா என்றால், 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறவர்களுக்கு நல்ல நூலகம் உரிமை. அதையும் கேட்டுப் பெறத்தான் வேண்டும். ஆனால் இரவல் நூலைத் திருப்பித் தந்தாக வேண்டும், வாங்கிய நூல் வீட்டில் அடுத்த பிள்ளைக்கும் இருக்கும். கோயிலுக்கு வருபவர் புத்தகம் வாங்க மாட்டார் என்பதும் சரியல்ல. கந்தர் சஷ்டிக் கவசமும் பஞ்சாங்கமும் கோயில் வாசல்களில்தானே காலங்காலமாக விற்கின்றன? வடாரண்யேசுவரர் கோயில், திருத்தணி முருகன் கோயிலின் உபகோயில். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானோர் வரும் அந்தத் திருத்தணிக் கோயிலின் நிர்வாகத்துக்கு, இங்கே ஓர் அறையும் ஒரு விற்பனையாளரும் பெரிய செலவல்ல. வரும் மார்கழித் திருவாதிரைக்குள் அதைத் திறந்துவிடலாம்.