டெஸ்டர் சொல்லாத சங்கதி

பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் பாடுமீன் ஒலி கேட்கும் என்பார்கள். மீனை மட்டும் கேட்க முடியுமா? பாலத்தில் போகும் பஸ்ஸின் அதிர்வு, தூரத்து எஞ்சின் தோணி எல்லாம் சேர்ந்துதான் வரும். செப்பு வயரும் அந்தத் துடுப்பு மாதிரித்தான், பிள்ளைகளே. பக்கத்தில் ஓடும் மின்சாரத்தின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும்.

பிறகு எப்படி ரவுட்டரிலிருந்து கணினிக்குப் படம் பிசகாமல் வருகிறது? ஒரு துண்டு நெட்வேர்க் கேபிளின் மேலுறையை இரண்டு சென்ரிமீற்றர் உரித்துப் பாருங்கள். (பிளேட் பெரியவர் கையில் இருக்கட்டும்.) எட்டு வயர், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு சோடி.

சோடியில் ஒரு வயரில் +1 போனால் மற்றதில் −1 போகும். வழியில் 3 அளவு இரைச்சல் புகுந்தது என்று வையுங்கள். முறுக்கியிருப்பதால் இரண்டு வயரும் அதைச் சமமாக வாங்கும்: இப்போது 4, 2. மறுமுனையில் உள்ள கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். விடை 2. இரைச்சலே புகாவிட்டாலும் அதே 2 தானே! 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக் கம்பிக்காக இந்த முறுக்குக்குக் காப்புரிமை எடுத்தார். 1973இல் பிறந்த ஈதர்நெட் முதலில் தடித்த ஒற்றைக் கேபிளில்தான் ஓடியது. முறுக்கு வயருக்கு வந்தது பிறகுதான்.

இனி கேபிள் முனையில் மாட்டும் கொனெக்டர். அதற்குள் வயர்கள் நிற்கும் வரிசை இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். பச்சைச் சோடி மட்டும் ஏன் பிரிந்து நீலத்துக்கு இரு பக்கமும் நிற்கிறது? நடு இரண்டு இடமும் பழைய தொலைபேசிக்கு உரியவை. அந்த வழக்கத்தை ஒருவரும் மாற்றவில்லை. மனப்பாடம் செய்வது நம் தலையில் விழுந்தது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் மாட்டுப்படுவது இங்கேதான். பச்சையோடு பச்சை சேர்ந்து நின்றால் வடிவாயிருக்கும் என்று இரு முனையிலும் அப்படியே வைத்து அழுத்திவிடுவார்கள். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரில் 1 முதல் 8 வரை விளக்கு ஒழுங்காக எரியும். ஆனால் கருவி ஒரு சோடியாக எடுத்துக் கழிக்கும் 3ஆம், 6ஆம் இடங்களில் இருப்பவை இப்போது வெவ்வேறு சோடியைச் சேர்ந்த வயர்கள். இரைச்சல் சமமாக விழாது, கழித்தாலும் போகாது. இணையம் இழுத்து இழுத்து வரும்.

மலிவு டெஸ்டருக்குத் தெரிந்தது, வயர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பது மட்டும். எது எதனோடு முறுக்கியது என்று அதற்குத் தெரியாது. அதைவிட உங்கள் கண் நல்லது. டோர்ச் அடித்துக் கொனெக்டருக்குள் நிறங்களை வரிசையாகப் படியுங்கள். எட்டு வயரும் நுனியில் முட்டியிருக்க வேண்டும், மேலுறையும் உள்ளே போய்க் கவ்வியிருக்க வேண்டும். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கொனெக்டரின் தகடுகளுக்குப் பொன்முலாம் பூசியிருந்தாலும், உப்புக்காற்றில் செப்பு வெளியே தெரியும் இடம் பச்சை பிடிக்கும். அப்போது அந்த முனையை வெட்டிப் புதிதாக மாட்ட, சுவரோரம் ஒரு முழம் கேபிளைச் சுருட்டி விட்டு வையுங்கள்.