கொடையாளர் தேடும் இரு விடைகள்

தொண்டு நிறுவன இணையதளங்களில் கொடையாளர் எங்கே தடுமாறுகின்றனர் என்பதை ஜேக்கப் நீல்சன் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட பயன்பாட்டாய்வு காட்டுகிறது. கொடையளிக்கும் முன் அவர்கள் அறிய விழைவன முதன்மையாக இரண்டு: நிறுவனத்தின் நோக்கம் யாது, பணம் எவ்வாறு செலவிடப்படுகிறது. ஆராயப்பட்ட தளங்களுள் முகப்புப் பக்கத்திலேயே முதல் வினாவிற்கு விடை தந்தவை 43 விழுக்காடு. இரண்டாவதற்கு 4 விழுக்காடே. 17 விழுக்காட்டுத் தளங்களிலோ கொடை செலுத்தும் இடத்தையே பயனரால் கண்டறிய இயலவில்லை. கொடுக்க வந்தவர் கொடாமலே திரும்ப நேர்கிறது.

வினாநிரல் வழியாக இக்குறை வெளிப்படுவது அரிது. பயனரிடம் ஒரு பணியை ஒப்படைத்து, எண்ணுவதை வாய்விட்டுச் சொல்லச் செய்து, குறுக்கிடாமல் உற்றுநோக்கும்போதுதான் அது புலனாகும். நிறுவன ஊழியர் இதற்குப் பொருந்தார். தளத்தின் வழிகள் அவர்களுக்கு முன்பே பழக்கமானவை. செலவும் மிகுதியன்று: ஒரு சுற்றுக்கு ஐந்து பயனர், திருத்தியபின் மீண்டும் ஐவர் என்பதே நீல்சனின் பரிந்துரை.