சொல்லாமல் சொல்வது: தேர்தலின் எதிர்மறை விளம்பரம் யாரைத் தாக்குகிறது?



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்குத் தேர்தல் விளம்பரத்தைப் பேசுபொருளாக எடுத்தபோது, இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்ற கேள்வி எழுந்தது. சொல்லுக்கும் படத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைத்தான் நாம் ஆண்டுதோறும் பேசி வருகிறோம். முப்பது நொடியில் ஓடி மறையும் தேர்தல் விளம்பரத்தில் அந்த உறவு எவ்வளவு கெட்டியாக அடைக்கப்பட்டிருக்கிறது என்பதை இங்கே ஓர் அமெரிக்கத் தேர்தலை வைத்துப் பார்க்கப் போகிறோம். கறுப்பின மக்களின் அனுபவத்திலிருந்து நாம் கற்பது புதிதல்ல. ஆனால் அவர்களுடைய இலக்கியத்தைப் படித்த அளவுக்கு, அவர்களுக்கு எதிராகச் செய்யப்பட்ட விளம்பரங்களை நாம் படிக்கவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதிராளியைக் குறை சொல்வதே தவறு என்று நாம் கருதவில்லை. பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது, ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதி எங்கே போனது, மலக்குழியில் இறந்தவர்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்பதெல்லாம் எதிர்மறைப் பரப்புரைதான். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்று கேட்டு அம்பேத்கர் 1945இல் ஒரு முழு நூலே எழுதினார். அமெரிக்க அறிஞர் ஜான் கீர் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் விளம்பரங்களை ஆராய்ந்து 2006இல் எழுதிய நூலில், தற்புகழ்ச்சி விளம்பரங்களைவிடத் தாக்கும் விளம்பரங்களில்தான் குறிப்பான செய்தியும் ஆதாரமும் கூடுதலாக இருக்கின்றன என்றார். யோசித்தால் இது இயல்பே. ‘நான் ஏழைப்பங்காளன்’ என்பவரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. ‘அவர் நிதியைத் திருப்பி அனுப்பினார்’ என்பவரிடம் கேட்பார்கள். கண்ணியம் என்ற பெயரில் எல்லா விமர்சனத்தையும் அடக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆட்சியில் இருப்பவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் கவலை வேறொரு வகை விளம்பரம் பற்றியது. எதிராளியை அடிப்பதற்கு, அந்தத் தேர்தலில் நிற்கவே நிற்காத ஒரு சமூகத்தைக் கம்பாக எடுப்பது. இதற்கு 1988ஆம் ஆண்டுத் தேர்தலைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அந்த ஆண்டு குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்). ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ். ஜூலையில் தம் கட்சி மாநாடு முடிந்த கையோடு ஒரு கருத்துக்கணிப்பில் டுகாகிஸ் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். மாசசூசெட்ஸில் சிறைக்கைதிகளுக்கு வார இறுதி விடுப்பு தரும் திட்டம் ஒன்று இருந்தது. நம் ஊரில் பரோல் என்கிறோமே, ஏறக்குறைய அது. கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்ற வில்லியம் ஹார்ட்டன் என்ற கறுப்பினக் கைதி 1986 ஜூனில் அப்படி வெளியே போய்த் திரும்பவில்லை. 1987 ஏப்ரலில் மேரிலாண்டில் ஒரு வெள்ளை இணையரின் வீட்டில் புகுந்து, ஆணைக் கத்தியால் குத்தி, பெண்ணைப் பாலியல் வல்லுறவு செய்தார். கொடூரமான குற்றம். இதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த விடுப்புத் திட்டத்தைப் பற்றி ஆளுநரைக் கேள்வி கேட்பதும் முற்றிலும் நியாயமானதே.

1988 செப்டம்பரில் ஒரு விளம்பரம் வெளியானது. புஷ் படம், டுகாகிஸ் படம், பிறகு ஹார்ட்டனின் காவல்துறைப் புகைப்படம். கலைந்த தலைமுடி, தாடி, கறுப்பு முகம். கீழே ஒவ்வொன்றாகச் சொற்கள்: கடத்தல், கத்திக்குத்து, வல்லுறவு. ‘கறுப்பர்’ என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. புஷ்ஷின் தேர்தல் குழுவும் இதைத் தயாரிக்கவில்லை. அவரை ஆதரித்த வெளிக்குழு ஒன்று தயாரித்தது. அக்டோபர் தொடக்கத்தில் புஷ் குழுவே அதிகாரப்பூர்வமாக இன்னொரு விளம்பரம் வெளியிட்டது. சிறை வாசலில் ஒரு சுழல்கதவு. கைதிகள் வரிசையாக உள்ளே போய், அப்படியே வெளியே வருகிறார்கள். ஹார்ட்டன் பெயரும் இல்லை, படமும் இல்லை. தேவைப்படவில்லை. முகத்தை வெளிக்குழு காட்டிவிட்டது. செய்தித் தொலைக்காட்சிகள் ‘சர்ச்சைக்குரிய விளம்பரம்’ என்று சொல்லியே அந்த முகத்தை மறுபடி மறுபடி, காசில்லாமல் காட்டின. வெளிக்குழு விளம்பரத்தை நிறுத்தும்படி புஷ் தரப்பு கடிதம் எழுதியதும் உண்மை. அது எழுதப்பட்டது விளம்பர ஓட்டம் முடியும் தறுவாயில்.

சுழல்கதவு விளம்பரத்தின் கணக்கு வேலையையும் பார்க்க வேண்டும். கொலைக் கைதிகளுக்கு விடுப்பு தந்ததாகக் குரல் சொல்லும்போது, திரையில் ‘268 பேர் தப்பினர்’ என்று எழுத்து ஓடுகிறது. பார்ப்பவர் இரண்டையும் சேர்த்து 268 கொலைகாரர்கள் ஊருக்குள் திரிவதாகக் கணக்குப் போடுவார். ஊடக ஆய்வாளர் காத்லீன் ஹால் ஜேமிசன் 1992இல் எழுதிய நூலில் இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டினார். அந்த 268 பேரில் பரோலுக்கே தகுதியில்லாத கொலைக் கைதிகள் 4 பேர். வெளியே போய்க் கடத்தலும் வல்லுறவும் செய்தவர் ஒருவர். விளம்பரம் சொல்லாத இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. அந்தத் திட்டத்தை 1972இல் தொடங்கியது குடியரசுக் கட்சி ஆளுநர். கொலைக் கைதிகளை அதிலிருந்து விலக்கும் மசோதாவை 1976இல் தடுத்தவர் டுகாகிஸ்தான் என்றாலும், 1988 ஏப்ரலில், அதாவது விளம்பரம் வருவதற்கு முன்பே, விலக்கும் சட்டத்தில் அவரே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பெயரைக் கவனியுங்கள். அவர் பெயர் வில்லியம். தன்னை யாரும் ‘வில்லி’ என்று அழைத்ததில்லை என்கிறார். விளம்பரம் அவரை ‘வில்லி’ ஆக்கியது. உலகமே இன்று அப்படித்தான் சொல்கிறது. எழுபது வயதுப் பெரியவரின் பெயரை வெட்டிச் சுருக்கி, ஒருமையில் கூப்பிடும் பத்து வயதுப் பையனை ஊர்த்தெருவில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயர்ச்சுருக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் படம் ஏன் வேலை செய்தது? விளம்பரக்காரர் டோனி ஷ்வார்ட்ஸ் இதற்கு ஒரு கோட்பாடே வைத்திருந்தார். 1964இல் ஜான்சனுக்காக வந்த புகழ்பெற்ற ‘டெய்சி’ விளம்பரத்தில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணுகிறாள், பிறகு அணுகுண்டு வெடிக்கிறது. கட்சி காசு கொடுத்து அதை ஒளிபரப்பியது ஒரே ஒரு முறை. எதிராளி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் இல்லை. ஆனால் அணு ஆயுத விஷயத்தில் அவர் பொறுப்பற்றவர் என்ற எண்ணம் ஏற்கெனவே மக்களிடம் இருந்தது. விளம்பரம் அதைத் தொட்டது. பார்வையாளருக்குள் புதிதாக எதையும் போட வேண்டாம், உள்ளே கிடப்பதை வெளியே இழுத்தால் போதும் என்பதே ஷ்வார்ட்ஸின் பார்வை.

அப்படியானால் 1988இல் உள்ளே என்ன கிடந்தது? வெள்ளைப் பெண்ணைத் தேடி அலையும் கறுப்பு ஆண் என்ற கட்டுக்கதை. அதைச் சொல்லித்தான் அடிமை முறை ஒழிந்த பிறகும் ஆயிரக்கணக்கானோர் கும்பல் கொலை செய்யப்பட்டார்கள். கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892இலேயே அந்தக் கொலைகளை ஒவ்வொன்றாக விசாரித்து, பெரும்பாலானவற்றில் வல்லுறவுக் குற்றச்சாட்டே இல்லை என்பதையும், இருந்த பலவற்றில் விருப்ப உறவுதான் அப்படித் திரிக்கப்பட்டது என்பதையும் எழுதினார். மெம்பிஸில் அவருடைய பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். ஹார்ட்டன் செய்தது உண்மையான குற்றம். அந்த ஒரு குற்றத்தைப் பழைய கட்டுக்கதைக்குச் சாட்சியாக்கியதுதான் விளம்பரத்தின் வேலை.

புஷ்ஷின் தேர்தல் பொறுப்பாளர் லீ அட்வாட்டர் இதையெல்லாம் அறியாமல் செய்தவர் இல்லை. 1981இல் ஓர் ஆய்வாளருக்கு அளித்த பேட்டியில், 1954இல் வெளிப்படையாகக் கறுப்பரை வசைச்சொல்லால் பேச முடிந்தது, 1968 வாக்கில் அது எதிர்விளைவு தரத் தொடங்கியதால் மாநில உரிமை, பள்ளிப் பேருந்து என்று பேசினார்கள், பிறகு வரிக்குறைப்பு என்று இன்னும் அருவமாக்கினார்கள் என்று அவரே படிப்படியாக விளக்கினார். பேச்சு அருவமாகும், அடி விழும் இடம் மாறாது. 1990இல் வட கரோலினா செனட் தேர்தலில் ஜெசி ஹெல்ம்ஸ், கறுப்பின வேட்பாளர் ஹார்வி கான்ட்டுக்கு எதிராக வெளியிட்ட விளம்பரத்தில் இரண்டு வெள்ளைக் கைகள் மட்டுமே தெரியும். வேலை மறுக்கப்பட்ட கடிதத்தை அவை கசக்குகின்றன. உனக்குத் தகுதி இருந்தும், ஒதுக்கீட்டுக்காக வேலை ஒரு சிறுபான்மையினருக்குப் போய்விட்டது என்கிறது குரல். ஹெல்ம்ஸ் வென்றார். ‘தகுதி’ என்ற அந்தச் சொல் நமக்கும் பழக்கமானதுதானே.

அப்படியானால் என்ன செய்வது? அரசியல் ஆய்வாளர் தாலி மெண்டல்பெர்க் 2001இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. 1988 அக்டோபர் பிற்பகுதியில் ஜெசி ஜாக்சன் ‘இது இனவெறி’ என்று வெளிப்படையாகப் பெயர் சொன்னார். அதுவரை ஹார்ட்டன் பேச்சு வெள்ளையரின் இன மனக்கசப்பைக் கிளறி வாக்காக மாற்றிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லப்பட்ட பிறகு அந்த விளைவு தளர்ந்தது என்பது அவர் முடிவு. தான் இனவெறியர் என்று ஒப்புக்கொள்ள விரும்பாத மனிதரிடம்தான் மறைபொருள் வேலை செய்கிறது. மூடியைத் திறந்தால் அவர் கூச்சப்பட்டுப் பின்வாங்குகிறார். இதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. வெளிப்படையான இனப்பேச்சுக்கே இப்போது கூச்சம் குறைந்துவிட்டது என்கின்றன பின்வந்த ஆய்வுகள். இந்த முடிவு நமக்குக் கூடுதல் கவலை தர வேண்டும். பெயர் சொல்வது பலிக்க, வெட்கப்படக்கூடிய பொதுச்சமூகம் ஒன்று வேண்டும்.

புஷ் 40 மாநிலங்களில் வென்றார். அந்த விளம்பரத்தால்தான் வென்றார் என்று சொல்ல மாட்டோம். எதிர்மறைப் பரப்புரை உறுதியாக வாக்கு தரும் என்பதற்கே திடமான சான்று இல்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2007இல் எழுதினார்கள். ஆனால் தேர்தலில் நிற்காதவர்கள் இழந்தது எந்த வாக்குக் கணக்கிலும் வராது. குற்றத்தில் ‘மென்மையானவர்’ என்ற பட்டம் அடுத்து யார்மேல் விழுமோ என்று ஜனநாயகக் கட்சி நடுங்கியது. 1992 ஜனவரியில் பில் கிளின்டன் பரப்புரையை நிறுத்திவிட்டு அர்கன்சாஸ் திரும்பினார். அங்கே ரிக்கி ரே ரெக்டர் என்ற கறுப்பினக் கைதியின் மரண தண்டனை நிறைவேறவிருந்தது. காவலர் ஒருவரைக் கொன்றபின் தன்னைத்தானே சுட்டுக்கொண்டதில் ரெக்டரின் மூளையின் ஒரு பகுதி அழிந்திருந்தது. கடைசி உணவில் இனிப்பை மட்டும் அவர் மீதி வைத்தார், பிறகு சாப்பிடலாம் என்று. 1994இல் வந்த கடுமையான குற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் கிளின்டனே. தாக்கிய கட்சியும் தாக்கப்பட்ட கட்சியும் கடைசியில் ஒரே பக்கம் போய் நின்றன.

நம் பக்கம் வருவோம். ‘நாடகக் காதல்’ என்ற சொல்லில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. ஜீன்ஸ், கூலிங்கிளாஸ் என்ற சொற்களிலும் இல்லை. 2012 நவம்பரில் தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்ட பிறகு அந்தச் சொற்கள் மேடைதோறும் யாரைக் குறித்தன என்பதில் கேட்டவர் எவருக்கும் குழப்பம் இருக்கவில்லை. ஐடா பி. வெல்ஸ் பிரித்துக் காட்டிய அதே கட்டுக்கதை, வேறு உடுப்பில்.

சட்டம் என்ன சொல்கிறது? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 123(3) பிரிவின்படி மதம், இனம், சாதி, சமூகம், மொழியைச் சொல்லி வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. அபிராம் சிங் வழக்கில் 2017 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 4க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளரின் சாதி மட்டுமன்றி வாக்காளரின் சாதியைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்றது. மாறுபட்ட மூவரின் தீர்ப்பு நம் மாணவர்கள் படிக்க வேண்டியது. சாதியின் பெயரால் இழைக்கப்பட்ட அநீதியை வாக்காளர்முன் பேசுவதே அரசியலில் முடியாமல் போகக்கூடாது என்பது அதன் சாரம். பெரும்பான்மைத் தீர்ப்பின் நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். சாதியைப் பெயர் சொல்லி ‘உனக்கு இழைக்கப்பட்டது அநீதி’ என்பவர் வலையில் சிக்கலாம். பெயர் சொல்லாமல் ‘நம் வீட்டுப் பெண்கள்’ என்று தொடங்குபவர் நழுவலாம். அட்வாட்டர் விளக்கிய அருவப் பேச்சுக்கு இந்தப் பிரிவு எழுதப்படவில்லை.

தொலைக்காட்சியில் கட்சி விளம்பரம் வர 2004 முதல் முன்சான்று வேண்டும். வாட்ஸப்பில் பெயரின்றி உலவும் முப்பது நொடிக் காணொளிக்கு யாரும் சான்று கேட்டுப் போவதில்லை. தேர்தல் வழக்கிலோ, அது வேட்பாளர், அவருடைய முகவர், அல்லது அவர்களின் ஒப்புதலோடு மற்றவர் செய்தது என்று நிறுவ வேண்டும். 1988இல் வெளிக்குழு செய்துகொடுத்த வசதி இதுதான்.

இருந்தாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. தேர்தல் மனுவைத் தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை; அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். வென்றவர் தேர்ந்தெடுக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாள்தான் கெடு. ஆகவே தேர்தல் நேரத்தில் நம் தோழர்கள் அந்தக் காணொளியைப் பார்த்துப் பதறி அழித்துவிட வேண்டாம். வந்த தேதி, வந்த குழு, அனுப்பிய எண், அதே சொல்லை வேட்பாளர் எந்த மேடையில் எந்த நாளில் பேசினார் என்பதை எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். அது எந்தச் சாதியைக் குறிக்கிறது என்பதை அன்றைக்கே துண்டறிக்கையில் பெயர் சொல்லி அச்சிட வேண்டும். வழக்குக்கும் அந்தத் துண்டறிக்கை பயன்படும்.