சாணம் சொன்ன சேதி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தத் தோட்டத்தில் நின்றாலும் கடல் வெகு தொலைவில் இல்லை. ஆயினும் கமக்காரக் குடும்பங்களில் பிள்ளையை டொக்டராக்க, இஞ்சினியராக்க எண்ணுகிறோமேயன்றி, கடலை ஆராய்வதும் ஒரு தொழில் என்பதை நினைப்பதில்லை. அது கரையோரத்தாரின் விடயமென ஒதுக்கிவிடுகிறோம்.

கொழும்பிலே பிறந்த ஆஷா டி வொஸ் என்பவர், தகப்பனார் வாங்கிவந்த பழைய சஞ்சிகைகளைப் புரட்டிக் கடலில் நாட்டம் கொண்டவர். ஸ்கொட்லாந்தில் கடல் உயிரியல் கற்றார். பின்பு, திமிங்கிலங்களை ஆராயும் ‘ஒடிசி’ என்ற கப்பல் இந்தப் பக்கம் வருவதை அறிந்து, தம்மையும் ஏற்றிக்கொள்ளும்படி மூன்று மாதம் நாள்தோறும் எழுதினார். தொல்லை தாங்காமலோ என்னவோ, இரண்டு வாரத்துக்கென மாலைதீவில் ஏற்றினார்கள். தளத்து வேலையாளாக ஏறியவர் ஆறு மாதம் தங்கினார்.

2003இல் இலங்கையின் தெற்குக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் கூடி நிற்பதையும், அருகே சிவந்த கழிவு மிதப்பதையும் அவர் கண்டார். இவை குளிர்க்கடலில்தான் இரை தேடும், வெப்பக்கடலுக்கு இனம்பெருக்கவே வரும் என்பதே அதுவரை பாடம். கழிவு கிடந்தால் அங்கே இரை உண்டு என்றுதானே பொருள்? பட்டியில் சாணத்தைப் பார்த்தே மாடு வைக்கோல் தின்றதா பச்சை தின்றதா என்று சொல்லும் நமக்கு இது விளங்காததல்ல. அந்தக் கேள்வியே அவரது வாழ்க்கைத் தொழிலாயிற்று. அவுஸ்திரேலியாவில் கலாநிதிப் பட்டம் பெற்று, 2017இல் ‘ஓஷன்ஸ்வெல்’ என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

இந்த அறிவுக்குப் பயனும் உண்டு. திமிங்கிலங்கள் கப்பல்களில் மோதி இறப்பதைப் பலரும் எடுத்துக்காட்டியதன் பின், 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பற் கம்பனி தன் பாதையைத் தெற்கே விலக்கிக்கொண்டது. வெளிநாட்டார் வந்து அளந்துவிட்டுப் போவது போதாது, கரையில் வாழ்வோரே ஆராய வேண்டும் என்று ஆஷா விடாது சொல்லிவருகிறார்.

நமது பாக்குநீரிணையிலும் வேலை கிடக்கிறது. அடிமடி இழுவைமடியை 2017இல் இலங்கைச் சட்டம் தடைசெய்தது. இழுவைப்படகு கிளறிய இடத்தில் கடற்புல் மீள்கிறதா, மீன் திரும்புகிறதா என்று ஆண்டுதோறும் அளக்க ஆட்கள் வேண்டும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழுந்த குடும்பங்களில் சில இன்னமும் தம் காணிக்குள் கால்வைக்கவில்லை. காணி இல்லாத பிள்ளைக்கும் இந்த வேலை எட்டும்.

உடனே காசு பார்க்கும் படிப்பு இதுவல்ல. அதை மறைக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் கற்பவருக்கு யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் கடற்றொழில் பற்றிய துறை இருக்கிறது. சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும் யாழ்ப்பாணத்தில் உண்டு. விண்ணப்பிக்கும் தகைமைகளைப் பாடசாலை ஆசிரியரிடம் இப்போதே கேட்டு வைக்கலாம்.