அப்பாவின் படுக்கை ஏன் நனைகிறது?

எழுபதைத் தாண்டிய அப்பா படுக்கையை நனைக்கிறார். மருமகள் காலையில் துணியை அலசிப் போடுகிறார். மகன் மருந்துக் கடையில் பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வருகிறார். “வயசாயிடுச்சு, என்ன பண்றது” என்று வீடே சமாதானமாகிவிடுகிறது. அவருடைய அடிவயிற்றில் யாராவது கை வைத்துப் பார்த்திருந்தால், தொப்புள் வரை திரண்டு நிற்கும் சிறுநீர்ப்பை கையில் தட்டுப்பட்டிருக்கும். அது காலியாவதே இல்லை. நிரம்பி வழிவதைத்தான், அடக்க முடியாமல் போய்விடுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வயதான ஆண் புதிதாகப் படுக்கையை நனைக்க ஆரம்பித்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை பை நிரம்பி வழிவதாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது யூராலஜி மருத்துவர்களின் பாலபாடம். திடீரென்று மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஆள் துடித்துப்போவார். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடித்து ஓடுவார்கள். டியூப் போட்டு ஒரு லிட்டர் இறங்கியதும் போன உயிர் திரும்பி வரும். மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தேங்கும்போது அந்த வலி இருக்காது. பை விரிந்து விரிந்து பழகிவிடுகிறது. அழுத்தம் மேலே ஏறி இரண்டு சிறுநீரகங்களையும் வீங்க வைக்கிறது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எகிறி, கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல் போன பிறகு வந்து சேர்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

காரணம் பெரும்பாலும் புராஸ்டேட். பையின் வாயருகே மூத்திரக்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி இது. விந்து நீரின் ஒரு பகுதி இங்கேதான் சுரக்கிறது. இளமையில் சுமார் 20 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. நாற்பதுக்கு மேல் பருக்கத் தொடங்குகிறது. 60 வயதில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு இந்த வீக்கம் இருக்கும். எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டும் தனித்தனியாக வரலாம், அதனால்தான் பரிசோதனை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 60 கிராம் என்று பார்த்துப் பதறுகிறவர் நிம்மதியாகத் தூங்கலாம். 30 கிராம் உள்ளவர் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போகலாம். சுரப்பி எவ்வளவு பெரியது என்பதைவிட, குழாயை எவ்வளவு நெரிக்கிறது என்பதுதான் கணக்கு.

இதை மறைப்பதில் நம் ஆண்களுக்கு இணை இல்லை. வெளியூர் பஸ் ஏறுகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். டாக்டர் கேட்டால் “ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க சார்” என்பார் பெரியவர். பக்கத்தில் இருக்கும் மனைவிதான், “ராத்திரி நாலு தடவை எழுந்திரிக்கிறாருங்க, பாத்ரூமுக்குள்ள போனா பத்து நிமிஷம் ஆகுது” என்று போட்டுடைப்பார். அந்த அம்மா உடன் வராமல் போயிருந்தால்?

பரிசோதனைகளில் பயப்பட ஒன்றுமில்லை. முதலில் ஏழு கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 8க்குக் கீழே என்றால் லேசான தொல்லை, 20ஐத் தொட்டால் கடுமை. அடுத்து யூரோஃப்ளோ. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு புனலுக்குள் சிறுநீர் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். கீழேயுள்ள கருவி வேகத்தைக் கோடாக வரைகிறது. தடையில்லாதவருக்கு அந்தக் கோடு சட்டென்று மேலேறி இறங்கும். அடைப்புள்ளவருக்குத் தாழ்வாக, நீண்டு இழுத்துக்கொண்டே போகும். நொடிக்கு 10 மில்லிக்கும் குறைந்தால் அடைப்பைச் சந்தேகிப்பார்கள். உடனே ஸ்கேனில், போன பிறகும் பைக்குள் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள். ஆசனவாய் வழியாக விரலால் தடவிப் பார்க்கும் சோதனைக்குப் பலர் கூசிப் பின்வாங்குகிறார்கள். அரை நிமிடம்கூட ஆகாது. கல்லாக இறுகிய ஒரு முடிச்சை அந்த விரல் கண்டுபிடித்துவிடும். புராஸ்டேட் சுரக்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தின் அளவு ரத்தப் பரிசோதனையில் 4ஐத் தாண்டினாலே புற்றுநோய் என்று இடிந்துபோக வேண்டாம். கிருமித் தொற்று, மூத்திர அடைப்பு, டியூப் போட்டது, எல்லாமே அதை ஏற்றிவிடும்.

மாத்திரைகள் இரண்டு விதம். டாம்சுலோசின் போன்றவை பைவாயின் தசையைத் தளர்த்தி, சில நாட்களிலேயே ஓட்டத்தைக் கூட்டும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். இதைச் சாப்பிடுகிறவர் கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போனால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கருவிழித் திரை தளர்ந்து ஆபரேஷன் நடுவே சிக்கல் வரும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்பத் தயாராகிவிடுவார்கள்.

இன்னொரு மருந்தான ஃபினாஸ்டரைடு பிறந்த கதை டொமினிக்கன் குடியரசின் சாலினாஸ் கிராமத்தில் தொடங்குகிறது. அங்கே பெண்ணாக வளர்க்கப்பட்ட சில குழந்தைகள் பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியன் இம்பெராட்டோ மெக்கின்லியின் குழு 1974இல் காரணத்தை வெளியிட்டது: டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான இன்னொரு ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களுக்குக் குறைவு. அவர்களுடைய புராஸ்டேட் கடைசி வரை சிறியதாகவே இருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுரப்பியைச் சுருக்க ஆறு மாதம் எடுக்கும், ஆசை குறையலாம். பிஎஸ்ஏ அளவையும் பாதியாக்கிவிடும். அது தெரியாமல் ரிப்போர்ட்டைப் படித்தால் புற்றுநோய் கண்ணில் படாமல் தப்பிவிடும். ஜலதோஷத்துக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். பல பெரியவர்களுக்கு ஒரே இரவில் அடைத்துக்கொள்வது அதனால்தான்.

மாத்திரைக்கு மசியாதபோதும், சிறுநீரகம் பாதிக்கப்படும்போதும் அறுவை சிகிச்சை. வயிற்றைக் கிழிப்பதெல்லாம் இப்போது அபூர்வம். மூத்திரக்குழாய் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுக்கிறார்கள். மிகப் பெரிய சுரப்பியைக்கூட லேசரால் பெயர்த்தெடுக்கும் முறையை நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் 1990களில் வளர்த்தெடுத்தார். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற இடங்களில் யூராலஜி துறை இருக்கிறது. காசில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் டாக்டர்கள் முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் பைக்குள் போய், அடுத்த முறை சிறுநீரோடு கலந்து வெளியேறும். விறைப்பு பொதுவாகக் குறையாது. இதைச் சொல்லாமல் அனுப்பினால், மனிதர் தன் ஆண்மையே போய்விட்டதாக உள்ளுக்குள் புழுங்குவார்.

ரொம்பத் தாமதித்தவருக்கு அடைப்பை நீக்கினாலும் பை சுருங்காது; விரிந்து விரிந்து தசை ஓய்ந்திருக்கும். அவருக்கும் வழி உண்டு. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மெல்லிய டியூபைத் தானே செலுத்திச் சிறுநீரை எடுத்துக்கொள்ளக் கற்றுத்தருவார்கள். சில தடவை செய்ததும் கை பழகிவிடும், சிறுநீரகமும் தப்பும்.