பெரிய ஆர்.சி. கார்: மோட்டாரில் கடைசியாகக் கை வையுங்கள்

பெரிய அளவு மின்சார ஆர்.சி. கார் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்னும் வேகமாகப் போக என்ன போடலாம்?” இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் கடைசியில்தான் வரும். காரணம் எடை. அது எப்படிக் கூடியது என்று முதலில் பார்ப்போம்.

தமியா நிறுவனம் 1976இல் வெளியிட்ட அதன் முதல் ஆர்.சி. கார், 1/12 அளவிலான போர்ஷே 934. மின்சாரத்தில் ஓடியது. அதன் பிறகு நெடுங்காலம் மின்சாரம் என்றால் சிறிய கார், 1/5 என்றால் பெட்ரோல் இன்ஜின் என்றே இருந்தது. 2006இல் வந்த எச்.பி.ஐ. பாஹா 5பி அந்தப் பெட்ரோல் வகையில் பெயர் வாங்கியது. லித்தியம் பாலிமர் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்த பிறகு இந்தப் பிரிவினை உடைந்தது. 2015இல் டிராக்ஸஸ் எக்ஸ்-மேக்ஸ் வந்தது: நீளம் சுமார் 78 செ.மீ., பேட்டரி போடாமலே எட்டரை கிலோவுக்கு மேல். அர்மா கிரேட்டன் 8எஸ்ஸும் இதே குடும்பம்தான்.

நீளம் இரண்டு மடங்கானால் கனஅளவு எட்டு மடங்காகிறது. அதனால் 1/10 காருக்குப் பழகிய கணக்கு இங்கே செல்லாது. 2 கிலோ எடையுள்ள சிறிய கார் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 123 ஜூல். பேட்டரியோடு 10 கிலோ வரும் பெரிய கார் 80 கி.மீ. வேகத்தில் ஓடினால் அது ஏறக்குறைய 2,470 ஜூல், அதாவது 20 மடங்கு. எட்டாவது மாடியிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டையைக் கீழே போட்டால் எவ்வளவு வேகத்தில் வந்து விழுமோ, அவ்வளவு. அந்த அடியை வாங்குவது சஸ்பென்ஷனின் ஒரு பிளாஸ்டிக் கை, ஒரு பேரிங், சில திருகாணிகள். சில நேரம் ஒரு குழந்தையின் கணுக்கால்.

எனவே எதை மாற்றினாலும் அதனால் கூடும் சுமை அடுத்த பாகத்தின் தலையில் போய் விழும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சங்கிலியைத் தெரிந்துகொண்டால் காசு மிச்சமாகும்.

முதல் செலவு சர்வோவுக்கு. ஸ்டீயரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி அது. அதன் திருப்புவிசையைக் கிலோ-சென்டிமீட்டரில் சொல்வார்கள். பெட்டியோடு வரும் சர்வோ சிமெண்டுத் தரையில் ஒழுங்காகத் திருப்பும். ஆனால் நம் மலேசியத் திடல்களில் வளரும் தடித்த பசும்புல்லில், நின்ற இடத்தில் 20 செ.மீ. விட்டமுள்ள டயரைத் திருப்ப முக்கும். 40 கிலோ-சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள, உலோகப் பல்சக்கரம் வைத்த சர்வோ போட்டால் காரே வேறு மாதிரி ஆகிவிடும். வாங்குமுன் சர்வோ தண்டில் எத்தனை பல் என்று பாருங்கள். பொது அளவில் 25, பெரிய அளவு சர்வோக்கள் சிலவற்றில் 15. தண்டும் அதில் மாட்டும் கையும் ஒத்துப்போகாவிட்டால் சர்வோ மேசையில்தான் கிடக்கும்.

சங்கிலியின் அடுத்த கண்ணி இங்கேயே தொடங்குகிறது. பலமான சர்வோ முட்டிக்கொண்டு நிற்கும்போது பல ஆம்பியர் மின்சாரத்தை உறிஞ்சும். அந்த மின்சாரம், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலரின் உள்ளே இருக்கும் ‘பெக்’ என்ற சிறு மின்வழங்கியிலிருந்து வருகிறது. ரிசீவருக்கும் அதுதான் தீனி. சர்வோ எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் ரிசீவரின் வோல்ட் சரிந்து ஒரு நொடி அணைந்து போகும். அந்த ஒரு நொடியில் கார் யார் பேச்சையும் கேட்காது. “சிக்னல் போச்சு” என்று ரிமோட்டைக் குறை சொல்பவர்கள் பலருக்கு உண்மையில் நடப்பது இதுதான். சர்வோவை மாற்றினால் பெக் எத்தனை ஆம்பியர் தரும் என்று பாருங்கள். போதாதென்றால் தனி பெக் ஒன்றைப் போடுங்கள்.

இந்த இடத்தில் ஃபெயில்சேஃபையும் சொல்லிவிட வேண்டும். சிக்னல் அறுந்தால் த்ராட்டில் நடுநிலைக்கோ பிரேக்குக்கோ போகும்படி ரிசீவரில் பதிந்து வைப்பதே அது. காரைப் பெட்டி மேல் தூக்கி வைத்து, சக்கரம் மெதுவாகச் சுழலும்போது ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். சக்கரம் நின்றால் சரி. நிற்காவிட்டால் வேறு எந்த வேலையும் வேண்டாம், இதை முடியுங்கள். ரிமோட்டும் ரிசீவரும் மாற்றுகிறவர்கள் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், பழைய பதிவு புதியதற்கு வராது.

அடுத்தது பேட்டரி. இதில் கொஞ்சம் நிதானமாகப் போவோம். லைப்போ (லித்தியம் பாலிமர்) செல் ஒன்றின் பெயரளவு வோல்ட் 3.7, முழுதாக ஏறினால் 4.2. எட்டு செல் தொடராகச் சேர்ந்தால் 8எஸ்: பெயரளவில் 29.6, முழுதில் 33.6 வோல்ட். எக்ஸ்-மேக்ஸ் போன்ற கார்களில் இரண்டு 4எஸ் பேட்டரிகளைச் சேர்த்துப் போடுவார்கள். இரண்டும் ஒரே திறன், ஒரே வயது, ஒரே கம்பெனியாக இருப்பது நல்லது. ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் பழசுதான் முதலில் வற்றி, அளவுக்குக் கீழே இழுக்கப்பட்டு வீங்கும்.

5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியின் மேல் ‘50சி’ என்று அச்சிட்டிருந்தால் 250 ஆம்பியர் தரும் என்று பொருள். தாளில் அப்படி. சி எண்ணைக் கம்பெனிகள் தாராளமாகவே அச்சிடுகின்றன. எடையும் உள்தடையும்தான் நம்பகமான அடையாளங்கள். அதே எண் போட்ட இரண்டு பேட்டரியில் ஒன்று கையில் கனமில்லாமல் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சார்ஜ் ஏற்றுவதற்கு 1சி போதும், அதாவது இந்தப் பேட்டரிக்கு 5 ஆம்பியர். 4எஸ் ஒன்றுக்கு 16.8 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 84 வாட். இரண்டையும் ஒரே நேரத்தில் ஏற்ற 170 வாட் அளவுக்குத் திறனுள்ள இரட்டை சார்ஜர் வேண்டும். மலிவான 50 வாட் சார்ஜர் வாங்கினால் சனிக்கிழமை முழுவதும் காத்திருப்பிலேயே போகும்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்கலாம். படுக்கையறையில், மெத்தை மேல், தூங்கும்போது சார்ஜ் ஏற்றக் கூடாது. சிமெண்டுத் தரையில், காற்றுப் போக இடம் விட்ட உலோகப் பெட்டியிலோ தீத்தடுப்புப் பையிலோ வைத்து, நீங்கள் விழித்திருக்கும்போது ஏற்றுங்கள். ஓடி முடித்த பேட்டரியை உடனே ஏற்றாமல் சூடு ஆறவிடுங்கள். சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவைக்க வேண்டும். சார்ஜரிலேயே ‘ஸ்டோரேஜ்’ என்று அதற்கு வழி இருக்கும். முழுதாக ஏற்றி, 32 டிகிரி வெயிலூரில் வாரக்கணக்கில் வைத்திருந்தால் பேட்டரி வேகமாகக் கிழடு தட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வீங்கிப்போனதைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகளில் லித்தியம் பேட்டரிக் கழிவு ‘அட்டவணைக் கழிவு’. மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

8எஸ் பேட்டரியை இணைக்கும்போது ‘பட்’டென்று தீப்பொறி வரும். ஸ்பீடு கன்ட்ரோலரிலுள்ள கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது. நாளடைவில் இணைப்பியின் முனை கருகித் தடை கூடும். தீப்பொறி தடுக்கும் இணைப்பிகள் இருக்கின்றன, மாற்றிக்கொள்ளலாம். தடித்த வயரில் ஈயம் வைக்க ரேடியோ பழுதுபார்க்கும் மெல்லிய சோல்டரிங் அயர்ன் உதவாது, 100 வாட் அளவில் வேண்டும். சிலிக்கான் வயர், இணைப்பி, கெப்பாசிட்டர், ஈயம் எல்லாம் தேட புடு பக்கம் ஜாலான் பாசாரில் ஒரு நடை போங்கள். எலெக்ட்ரானிக் உதிரிபாகங்களுக்குப் பேர்போன தெரு அது.

அடுத்து, பிளாஸ்டிக்கா அலுமினியமா என்ற பழைய வழக்கு. கண்ணுக்கு அழகு என்பதற்காகச் சஸ்பென்ஷன் கைகளை அலுமினியத்தில் மாற்றுகிறார்கள். என் தீர்ப்பு: வேண்டாம். நல்ல நைலான் கை அடிபட்டால் வளைந்து மீளும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்தபடியே நிற்கும், வளையாவிட்டால் அடியைச் சேஸிஸுக்கு அனுப்பிவிடும். அப்போது உடைவது விலை கூடிய பாகம். அலுமினியம் பொருந்தும் இடங்கள் வேறு: மோட்டார் தாங்கி, ஸ்டீயரிங் இணைப்புகள், சக்கர அச்சைப் பிடிக்கும் ஹப். சக்கரத்துக்குப் போகும் பிளாஸ்டிக் தண்டுகளை எஃகில் மாற்றுவது பெரிய காருக்குப் பயன் தரும் செலவு. அதன் பிறகு அந்தச் சுமை டிஃபெரன்ஷியலுக்குப் போகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். அதைத் திறந்து கெட்டியான சிலிக்கான் எண்ணெய் ஊற்றினால் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழல்வது குறையும்.

முப்பரிமாண அச்சில் பம்பர், ஃபேன் தாங்கி செய்துகொள்பவர்கள் பெருகிவிட்டார்கள். பொருளைக் கவனியுங்கள். பி.எல்.ஏ. என்ற பொதுவான இழை 60 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும். கோலாலம்பூர் வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாராளமாகத் தொடும், நேற்று அச்சிட்ட தாங்கி இன்று கோணிப் போயிருக்கும். மோட்டார் பக்கத்தில் போடுவதற்குப் பெட்ஜி, ஏ.எஸ்.ஏ. இழைகள் மேல். பம்பருக்கு ரப்பர்போல் வளையும் டி.பி.யு.

மண்ணும் மழையும் கிள்ளான் பள்ளத்தாக்கில் தனிப் பாடம். உள்பக்கம் செம்மண். சுபாங், பூச்சோங் போன்ற பக்கங்களில் பழைய வெள்ளீயச் சுரங்கம் கழித்துப் போட்ட மணல். கிள்ளானைத் தாண்டிக் கடலை நெருங்கினால் ஒட்டும் களிமண். மணல் பேரிங்குக்கு எமன். களி டயரில் அப்பி எடையைக் கூட்டி மோட்டாரைச் சுடவைக்கும். செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓட்டினால் உதிர்ந்த காய் அடியில் சிக்கும். மோட்டாரும் பல்சக்கரமும் இருக்கும் இடத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகல் இடிமழை, ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் கூடுதல். கார் நனையாமல் இருக்கப் போவதில்லை. பெட்டியில் ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருப்பது மின்பாகங்களுக்குத்தான், பேரிங்குக்கு அல்ல. நனைந்த அன்றே காற்றடித்து உலர்த்தி, பேரிங்குக்கு எண்ணெய் விடுங்கள். மோரிப் கடற்கரையில் ஓட்டியிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும், பேட்டரியைக் கழற்றிவிட்டு.

டயருக்குள் இருக்கும் ஃபோம் தண்ணீரைக் குடித்துக் கல்போலக் கனக்கும். ஓடும்போது நீர் வெளியே சிதறுவதற்கு டயரின் தரை தொடும் பகுதியில் சிறு துளைகள் போடுவார்கள். வேகத்தில் டயர் ஊதிப் பெருக்காமல் இருக்க, உள்ளே நார்ப்பட்டை வைத்த ‘பெல்டட்’ டயர் உண்டு. வேகப் பிரியர்களுக்கு மோட்டாருக்கு முன் வாங்க வேண்டியது இது.

உடல் அலங்காரத்தில்தான் மனம் போனபடி விளையாடலாம். தெளிந்த பாலிகார்பனேட் உடலுக்கு வர்ணம் உள்பக்கத்தில் அடிக்கிறோம், அதனால் வரிசை தலைகீழ்: முதலில் கோடும் எழுத்தும், பிறகு அடர்ந்த நிறம், கடைசியாக வெளிர்நிறம். தமியாவின் ஸ்ப்ரேயில் பி.எஸ். வரிசைதான் பாலிகார்பனேட்டுக்கு. டி.எஸ். வரிசை கடினப் பிளாஸ்டிக் மாடல்களுக்கானது, இதில் அடித்தால் முதல் குட்டிக்கரணத்திலேயே செதில் செதிலாக உதிரும். உள்பக்கத்தைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைத்த பிறகே அடிக்க வேண்டும். மழை பெய்யும் மாலையில் அடித்தால் ஈரக் காற்றில் வர்ணம் வெளுத்துவிடும்.

பெயரைத் தமிழில் எழுத ஆசைப்படுவோருக்கு ஒரு குறிப்பு. உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் அச்சை இடவலம் மாற்றிக் கண்ணாடி பிம்பமாக வெட்டச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் ஸ்டிக்கர் கடைக்காரருக்குச் சொல்லாவிட்டால் நேராக வெட்டிக் கொடுத்துவிடுவார், பிறகு ‘வேலன்’ பின்பக்கம் பார்த்துத்தான் ஓடுவான். வர்ணம் காய்ந்ததும் உள்ளே சுவர் விரிசலுக்கு ஒட்டும் வலைநாடாவையும் காலணிப் பசையையும் சேர்த்துத் தடவினால் உடல் பல மடங்கு உழைக்கும். பாரம் கூடும், அது பரவாயில்லை.

இவ்வளவும் ஆன பிறகு மோட்டார். மோட்டாரின் கேவி எண், வோல்ட் ஒன்றுக்குச் சுமையில்லாமல் எத்தனை சுற்று என்பதைச் சொல்கிறது. 1,200 கேவி மோட்டாருக்கு 33.6 வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு 40,320 சுற்று. மொத்தப் பல்சக்கரக் குறைப்பு 18 என்று வைத்தால் சக்கரம் 2,240 சுற்று. 20.3 செ.மீ. டயரின் சுற்றளவு 64 செ.மீ. அளவில் வருகிறது. பெருக்கினால் மணிக்கு 86 கி.மீ., தாளில். காற்றும் எடையும் கழித்தால் குறையும். பெரிய டயர் போட்டாலும் இந்தக் கணக்கு மாறும். கியரைக் கூட்டியதற்குச் சமம் அது.

மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பல்சக்கரமான பினியனை 20 பல்லிலிருந்து 22க்கு மாற்றினால் வேகம் 10 விழுக்காடு கூடும். சில ரிங்கிட் செலவில் முடிகிற வேலை, புது மோட்டாரே தேவைப்படாமல் போகலாம். மாற்றியதும் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரைப் பாருங்கள். கோவிட் காலத்தில் நெற்றியில் பிடித்த கருவி இதற்கு உதவாது, உடல் சூட்டுக்கு மேல் அது காட்டாது. தொழில்முறை வகை வாங்க வேண்டும். 80 டிகிரியைத் தாண்டினால் பழைய பினியனுக்குத் திரும்புங்கள். சூடு ஏறினால் மோட்டாரின் காந்தம் வலுவிழக்கும், அது திரும்பி வராது. காலை ஒன்பது மணிக்குப் பார்த்த 70 டிகிரி, மதியம் இரண்டு மணிக்கு 80ஐத் தாண்டக்கூடும் என்பதால் அளவை வெயில் ஏறிய நேரத்தில் எடுங்கள்.

அதன் பிறகும் புது மோட்டார்தான் வேண்டும் என்றால், தண்டு 5 மி.மீட்டரா 8 மி.மீட்டரா, உடலின் விட்டம் தாங்கிக்குள் நுழையுமா, உங்கள் ஸ்பீடு கன்ட்ரோலர் அந்த ஆம்பியரைத் தாங்குமா என்ற மூன்றையும் கடையிலேயே கேட்டுவிட்டு வாங்குங்கள்.