இன்னும் ஓர் ஆண்டு இருக்கட்டும்

அக்கினி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று நாட்காட்டி கூறும், வெயிலோ தணிவதில்லை. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வைகாசிக் கடைசியும் ஆனியும் தோட்டத்திற்கு மிகக் கடினமான நாட்களாகும். மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, மண்ணில் எஞ்சியிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது. நிறைந்த மழையைக் கொணரும் வடகிழக்குப் பருவத்திற்கோ ஐப்பசி வரையில் காத்திருத்தல் வேண்டும். இடையிடையே மாலை வேளைகளில் இடியோடு பெய்யும் மழையே நமக்குத் துணை.

இந்நாட்களில்தான் பல இல்லங்களில் வீட்டுத் தோட்டம் கைவிடப்படுகிறது. "இனி இது பிழைக்காது" என்று வாடிய கத்தரிச் செடியைப் பிடுங்கி எறிகிறோம். "இது காய்க்காத மரம்" என்று அரிவாளைத் தேடுகிறோம். அதற்கு முன்னே, லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய அத்திமர உவமையைச் சற்று நினைவுகூர்வோம். மூன்று ஆண்டுகள் கனி தேடி வந்து ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். வெறுமனே கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எரு இடும் பொறுப்பையும் தாமே ஏற்கிறார்.

குற்றம் மரத்தினுடையதா?

திண்டிவனத்தில் நாமறிந்த ஒரு குடும்பத்தின் கொல்லைப்புறத்தில் எலுமிச்சை மரம் ஒன்று உண்டு. நட்டு எட்டு ஆண்டுகளாகியும் நான்கு காய்களுக்குமேல் கண்டதில்லை. இலைகள் மஞ்சளித்தன, அடிமரத்தில் பிசின் வடிந்தது. வெட்டிவிடுவதென்று குடும்பத் தலைவர் முடிவு செய்தார். அவருடைய வயது முதிர்ந்த தாயார் மட்டும், "உங்கள் அப்பா வைத்த மரம். இந்த ஒரு வருடம் இருக்கட்டும்" என்றார்.

உற்றுப் பார்த்தபோது காரணம் விளங்கியது. துணி துவைக்கும் கல்லிலிருந்து ஓடிவரும் சவர்க்கார நீர் அடிமரத்தைச் சுற்றித் தேங்கிக் கிடந்தது. நீர் தேங்கினால் எலுமிச்சையின் பட்டை அழுகும், பிசின் வடியும். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களோ அடிமரத்தை ஒட்டி இருப்பதில்லை. கிளைகளின் நிழல் விழும் ஓரத்திலேயே மிகுதியாக உள்ளன. மரம் ஓரிடத்தில் அழுகிக்கொண்டும் மற்றோரிடத்தில் தாகத்தால் தவித்துக்கொண்டும் நின்றிருக்கிறது!

வாய்க்காலை வேறு பக்கம் திருப்பினார்கள். அடிமரத்தை ஒட்டி மண்ணைச் சற்று மேடாக அணைத்து, கிளையோரத்தில் வட்டப் பாத்தி கட்டி, மக்கிய எருவிட்டு, அங்கே நல்ல நீரை ஊற்றினார்கள். அவ்வாண்டு புதுத் தளிர் மட்டுமே வந்தது. அடுத்த கோடையில் பாட்டியார் ஊறுகாய் போட்டு அண்டை வீடுகளுக்கும் அனுப்பினார்.

சிறிதளவு நீர் போதும்

கோடையில் நாள்தோறும் மேலாகத் தெளிக்கும் நீர் வேரை எட்டுவதில்லை, ஆவியாகவே போய்விடுகிறது. வேரூன்றிய செடிகளுக்கு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, சூரியன் சாய்ந்தபின், மண் ஆழமாக நனையும்படி ஊற்றுவது மேல். தொட்டிச் செடிகளுக்கும் நாற்றுகளுக்கும் மட்டும் அன்றாடம் நீர் வேண்டும்.

அரிசி கழுவிய நீரும் காய்கறி அலம்பிய நீரும் எல்லாச் செடிக்கும் ஏற்றவை. குளித்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். கீரைப் பாத்தியில் விடலாகாது.

நனைத்த மண்ணை மூடிவைத்தால் பாதி வேலை முடிந்தது. நம் ஊர்களில் மல்லாட்டை என வழங்கும் நிலக்கடலைக்குப் பேர்போனது இப்பகுதி. 'டி.எம்.வி.' என்ற முன்னெழுத்துகளோடு உழவர்கள் அறிந்த கடலை இரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவையே. ஆகவே கடலைத் தோலுக்கு நமக்குப் பஞ்சமில்லை. அதனையோ சருகையோ நான்கு விரற்கடை கனத்தில் செடியைச் சுற்றிப் பரப்பலாம். கரையான் அணுகாதபடி தண்டை ஒட்டிச் சிறிது இடம் விடுதல் நலம்.

பாகல், புடல் போன்ற கொடிகளின் அருகே பழைய மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, கொசு புகாமல் மூடிவையுங்கள். பானையின் நுண்ணிய துளைகள் வழியே ஈரம் கசிந்து வேரைச் சேரும்.

ஆடிக்கு முன்னே

ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டுமாயின் அதற்குரிய பணிகளை இப்போதே தொடங்குதல் வேண்டும். காலியாகக் கிடக்கும் பாத்தியைக் கொத்தி வெயிலில் காயவிடுங்கள். களையும் புழுக்கூடும் அழியும். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது வள்ளுவர் வாக்கன்றோ!

ஓய்ந்துபோன கத்தரிச் செடியை வேரோடு பிடுங்காமல், தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி எருவிட்டால், மழை கண்டதும் துளிர்த்து மீண்டும் காய்க்கும். முருங்கையின் நீண்ட கிளைகளை ஆடிக் காற்று முறிப்பதற்கு முன் நாமே கழித்துவிடலாம்.

வேம்பு பழுத்து உதிரும் காலமும் இதுவே. பிள்ளைகளைக் கொண்டு பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்தி வையுங்கள். 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்தால் மாவுப்பூச்சியும் அசுவினியும் கட்டுப்படும்.

கூரை நீரையும் மறவாதீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 2024-ஆம் ஆண்டு ஃபெஞ்சல் புயலின்போது, டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சதுர மீட்டருக்கு 500 லிட்டருக்கும் அதிகம்! அத்தகைய மழையிலும் நிலத்தினுள் இறங்க வழியில்லாத நீர் தெருவோடு போய்விடுகிறது. மழைநீர்த் தொட்டியில் அடைத்துக் கிடக்கும் மணலை இப்போதே அகற்றிவிடுவோம்.

உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள் மே 15. அக்கினி நட்சத்திரத்தின் நடுவே வருவது அது. மத்ரீத் நகரருகே பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர் அவர். நம் கடற்கரையில் நற்செய்தி அறிவித்த புனித சவேரியாரோடு அவரையும் 1622-இல் ஒரே நாளில் திருச்சபை புனிதராக அறிவித்தது. மண்ணைக் கிளறும் கைகளுக்குத் திருச்சபை தந்த மதிப்பு அது.

வீட்டினுள்ளும் ஒரு செடி

அதே மே மாதத்தில்தான் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் வெளியாகின்றன. தேறாத மகனோ மகளோ சில வீடுகளில் மூலையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். "உனக்குச் செலவழித்ததெல்லாம் வீண்" என்னும் சொல் அந்த இளம் நெஞ்சில் அரிவாளாய் இறங்குகிறது. அன்புப் பெற்றோரே, அந்த எலுமிச்சையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையா, கண்பார்வை குறையா, வீட்டில் ஓயாத சச்சரவா? வேரில் தேங்கி நிற்பது எது என்று அமைதியாகக் கேட்டீர்களா? துணைத்தேர்வு இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது. எல்லாவற்றிற்கும் முன்னே பெற்றோர் தரவேண்டிய தவணை ஒன்று இருக்கிறது.

உவமையில் அந்த மரம் பின்னர் கனி தந்ததா என்று ஆண்டவர் கூறவில்லை. தோட்டக்காரர் மண்வெட்டியோடு நிற்பதோடு கதை முடிகிறது. இன்று மாலை வெயில் தாழ்ந்ததும், பிள்ளையையும் உடன் அழைத்துக்கொண்டு தோட்டத்திற்குச் செல்லுங்கள். பாத்தி கட்ட இரு கைகளைவிட நான்கு கைகள் நல்லவை.